கேக் வண்டிக்கு ரேஸ் பிரேக்

பதினேழு ஆண்டுகளில் ஒரு வாத்து. கேக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் பஞ்சுவின் மொத்தச் சேதக் கணக்கு அவ்வளவுதான். அதிலும் வாத்து முழுசாகப் போகவில்லை. ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் நீந்திக்கொண்டிருந்த சர்க்கரை வாத்தின் கழுத்து மட்டும் ஒடிந்தது. ஐஸ்கிரீம் வண்டி ஒன்று திடீரெனக் குறுக்கே திரும்பிய நாள் அது. இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் அவர் முகம் சுருங்கும். "வாத்து கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

பஞ்சு என்பது பட்டப்பெயர். அவர் வண்டியை நிறுத்தினால், நின்றது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் "வந்தாச்சா?" என்பார்கள். நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, நடப்பதுகூட மாடிப்படியில் தூங்கும் பூனையைத் தாண்டுகிறவர் மாதிரி. அக்கா நடத்தும் பேக்கரிக்கு அவர்தான் டிரைவர். முன்கட்டு பேக்கரி, பின்கட்டு வீடு. கல்லாவில் அக்கா, அடுப்பில் அக்காவின் கணவரான மாமா, ஐசிங் மேசையில் பஞ்சுவின் மனைவி, வாசலில் வண்டியோடு பஞ்சு. குடும்பத்தில் யாராவது முறைத்துக்கொண்டால் அன்றைய ரொட்டியிலேயே தெரிந்துவிடும் என்று தெருவில் சொல்வார்கள்.

வண்டி பழைய நீளக் கார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, அதன்மேல் ரப்பர் விரித்திருந்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, மலைக்குக் கீழே ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டல் வரும்வரை.

ஹோட்டலின் விருந்துப் பிரிவுக்கு ஒரு மேனேஜர் அம்மாள். வாரத்துக்கு ஒரு கல்யாண கேக்காவது இவர்களிடம் வாங்குவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஊர் மேலே இருக்கிறது, ஹோட்டல் கீழே. நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து இறங்கும் மலைப்பாதை. கியரைக் குறைத்து இறங்கினால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், அந்தக் குலுக்கலில் கேக்கின் மேல்தட்டு அரை விரல் நகர்ந்துவிடும். அதனால் பஞ்சு மேலிருந்து கீழ்வரை பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவார். பாதி மலையில் பிரேக் சூடேறிப் புகையத் தொடங்கும். அந்தப் புகை முழுக்க வண்டிக்குள் வந்து கிரீமில் குடியேறும்.

மூன்றாவது கேக்குக்குப் பிறகு மேனேஜர் அம்மாள் போன் செய்தார்.

"கேக் நல்லா இருந்தது. ஆனா ரயில்வே ஸ்டேஷன்ல நின்னு சாப்பிட்ட மாதிரி இருந்ததுன்னு பொண்ணு வீட்டுக்காரங்க சொல்றாங்க."

அக்கா போனை வைத்துவிட்டு, மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்தார்.

"இங்க பாருடா. சனிக்கிழமை மத்தியானம் அஞ்சு தட்டு கேக் ஒண்ணு அங்க போகணும். அதுலயும் கருகல் வாசனை அடிச்சா, திங்கக்கிழமையிலிருந்து குளிர்சாதன வேன்காரனுக்கு வேலையைக் கொடுத்துடுவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்."

"அப்ப நான்?"

"நீ உள்ள வந்து முட்டை உடை."

பதினேழு வருடம் கேக்கைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திப் போனவரிடம் முட்டை உடைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பஞ்சு அன்று மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு முடிவோடு வந்தார். பிரேக்கை மாற்றுவது. அதிலும் சாதாரண பிரேக் வேண்டாம், எவ்வளவு மலை இறங்கினாலும் மூச்சு வாங்காத பிரேக். பந்தயக் கார்களுக்குப் போடுகிற வகை.

தெருமுனை மெக்கானிக் அந்த பிரேக் பெட்டியின் படத்தைப் போனில் பார்த்துவிட்டுப் பஞ்சுவையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இது இருநூறுல போறவன் போடுறது. நீங்க நாப்பதைத் தாண்டினா சாமி கும்பிடுற ஆளு."

"மாட்டித் தருவியா, மாட்டியா?"

"அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்."

அடுத்த வாரம் பஞ்சு முட்டை உடைத்துக்கொண்டிருப்பார். ஆகவே வேலை வீட்டு வாசலிலேயே நடப்பது என்று ஆயிற்று.

புது டிஸ்க், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கிற வட்டத் தகடு, பழையதைவிடப் பெரியது. சக்கரத்துக்குள் அடங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு வீடாக இருந்தால் அளவுகோலை எடுத்திருப்பார்கள். இந்த வீட்டில் மாமா கேக் டின்களை எடுத்து வந்தார். கழற்றி வைத்த சக்கரத்துக்குள் ஒவ்வொரு டின்னாக நுழைத்துப் பார்த்தார்கள். இரண்டு கிலோ வட்ட டின் சக்கரத்துக்குள் லேசாகச் சுற்றியது. மூன்று கிலோ டின் முட்டியது.

"ரெண்டு கிலோ டிஸ்க் வாங்கலாம், மாப்ள" என்றார் மாமா. அதே அளவில்தான் வாங்கினார்கள். சரியாகப் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை காலை பெட்டி வந்தது. கூடவே போனில் ஒரு வீடியோ. அதில் கைமுழுக்கப் பச்சை குத்திய ஒருவர், ஒரு துளி வியர்வை இல்லாமல், பேச்சுவாக்கில் பிரேக்கைக் கழற்றி மாட்டிவிட்டுச் சிரித்தார். பஞ்சுவுக்கு முதல் போல்ட்டே அசையவில்லை. துரு அப்படிப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், கெஞ்சினார். கடைசியில் அடுப்பில் தட்டு இழுக்கும் நீளக் குழாயை ஸ்பேனரின் பிடியில் மாட்டி, மாமாவும் அவரும் சேர்ந்து தொங்கினார்கள். போல்ட் துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம் போட்டு இளகியது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யாருக்காவது கையா, காலா?"

"போல்ட்டுக்கு, அக்கா" என்றார் பஞ்சு.

"சரி, பன்னு கருகுது. அவரை உள்ள அனுப்பு."

புது டிஸ்க்குகள் கண்ணாடி மாதிரி மின்னின. முகம் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். துருப் பிடிக்காமலிருக்க அதன்மேல் எண்ணெய் தடவி அனுப்பியிருப்பார்கள், அதைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் பிரேக் வழுக்கும் என்று பச்சை குத்தியவர் நாலு தடவை சொல்லியிருந்தார். பஞ்சு துடைத்தார். வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் துடைத்துவிட்டு, இரண்டையும் தார்ப்பாயில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

திரும்பி வந்தபோது மாமா தார்ப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பிரஷ். பக்கத்தில் கிண்ணம் நிறைய உருக்கிய வெண்ணெய். ஒரு டிஸ்க் முடிந்து இரண்டாவதில் பாதி வந்திருந்தார். துளைகளையும் விடவில்லை, ஒவ்வொன்றுக்குள்ளும் பிரஷ் நுனியை விட்டுத் திருகியிருந்தார்.

பஞ்சு பாய்ந்து கிண்ணத்தை அப்பால் நகர்த்தினார்.

"மாமா. என்ன பண்றீங்க?"

"வெறும் தகரமா இருந்துச்சு மாப்ள. அப்படியே வச்சா ஒட்டிக்கும்ல?"

"ஒட்டணும் மாமா. ஒட்டுறதுக்குத்தான் பிரேக்கு."

மாமா டிஸ்க்கைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார். முப்பது வருடமாக வட்டமான எதைக் கண்டாலும் வெண்ணெய் தடவிப் பழகிய கை. "நான் நல்ல வெண்ணெயாத்தான் எடுத்தேன்" என்றார் தணிந்த குரலில்.

டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் பேட்கள் இன்னும் பெட்டிக்குள் இருந்ததால் குடி முழுகவில்லை. வெந்நீர், சோப்பு, பல் தேய்க்கும் பிரஷ், அதன் பிறகு பிரேக் கழுவும் ஸ்பிரே என்று மதியம் வரை துளை துளையாகச் சுத்தம் செய்தார்கள். மாமாவை அடுப்பைவிட்டு நகரக் கூடாது என்று அக்கா உட்கார வைத்துவிட்டார்.

பிரேக் எண்ணெய்க் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறக்க வேண்டும். மிதிக்க மனைவி வந்தார், கையில் ஐசிங் பையோடு.

"அமுக்கு. பிடி. விடாத. இப்ப விடு" என்றார் பஞ்சு காருக்கு அடியிலிருந்து.

"நம்ம கல்யாணமாகி இவ்ளோ வருஷத்துல நீங்க என்கிட்ட இத்தனை வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதே இல்ல."

"அமுக்கு."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எல்லாம் மாட்டியாயிற்று. முன்சக்கரங்களுக்குள் சிவப்புச் சாயம் பூசிய பெரிய பிரேக் உட்கார்ந்திருந்தது. பஞ்சு தள்ளி நின்று பார்த்தார். ஒரு தாத்தாவுக்குக் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

புது பிரேக்கைப் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. வேகமாகப் போய்ச் சட்டென்று வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் முழுக்க நிறுத்தக் கூடாது. சூட்டில் நிறுத்தினால் பேட் ஒரே இடத்தில் பதிந்து டிஸ்க் கெட்டுவிடும். இப்படிப் பல தடவை செய்துவிட்டு, சூடு ஆறும்வரை எங்கேயும் நிற்காமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பஞ்சு சாயங்காலம் குடோன்களுக்குப் பின்னால் இருக்கும் அகலச் சாலைக்குப் போய், வாழ்க்கையில் முதல் முறையாக அறுபதைத் தொட்டார். மிதித்தார், குறைத்தார், மறுபடி அறுபது. பிரேக்கிலிருந்து பிஸ்கட் வேகும் வாசனை வந்தது. துளைகளில் எங்கோ மாமாவின் வெண்ணெய் மிச்சம் இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

சூடு ஆற்றுவதற்காக ரவுண்டானாவை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தபோது போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். பஞ்சு கும்பிட்டுவிட்டுக் கடந்து போனார். அடுத்த சுற்றில் காவலர் சாலைக்கே இறங்கிவிட்டார். வண்டி நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"வண்டியை நிறுத்துய்யா."

"முடியாதுங்க சார்."

"ஏன், பிரேக் பிடிக்கலையா?"

"ரொம்ப நல்லா பிடிக்குது சார். அதான் நிறுத்த முடியல."

காவலர் கால் சுற்று யோசித்துக்கொண்டே நடந்தார். "குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். கேக் வண்டி சார்."

"லைசன்ஸைக் காட்டு."

பஞ்சு ஓட்டிக்கொண்டே காட்டினார். காவலர் நடந்துகொண்டே படித்தார். படம் யாருடையது என்று முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்னும் அரைச் சுற்று. பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. "எப்பதான் நிப்பே?" என்றார்.

"ஆறினதும் சார்."

"எது?"

"பிரேக்கு."

காவலர் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுத்திட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பஞ்சு சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தார். சூடு ஆறியதும் பஞ்சு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

உண்மையான சிக்கல் வாசலில்தான் தெரிந்தது. விற்காமல் போன ஒரு கேக்கை மனைவி சோதனைக்காகப் பலகையில் வைத்து அனுப்பியிருந்தார். சாலையில் மிதித்தபோதெல்லாம் அதை இறுகக் கட்டிவைத்திருந்த பஞ்சு, தெருவுக்குள் நுழைந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டார். நிஜ டெலிவரி மாதிரி இருக்கட்டும் என்று. கேட்டுக்கு முன்னால், பதினேழு வருடமாக வைக்கிற அதே மென்மையில் காலை வைத்தார். வண்டி சுவரில் மோதியது போல நின்றது. கேக் பறந்து வந்து அவர் பிடரியில் ஒரு பகுதியையும் கண்ணாடியில் மீதியையும் விட்டது.

காரணம் எளிது. அவர் கால் பழகியது கிழட்டுப் பிரேக்குக்கு. அதில் பாதி மிதி வீணாகத்தான் போகும். புதுசில் எதுவுமே வீண் போகவில்லை. பழையதைத் திருப்பி மாட்டலாம் என்றால், பாதி தேய்ந்த பேட்களை மாமா ஆர்வக்கோளாறில் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்.

அக்கா பிடரியில் கிரீமோடு நின்ற தம்பியைச் சுற்றி வந்து பார்த்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா கேக்கை இப்படிப் பூசிக்கிட்டுப் போனா அந்தம்மா வாங்காதே."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் கொடுத்திருக்கே."

"கொடுத்திருக்கேன். வேன்காரன் நம்பரும் வச்சிருக்கேன்."

மனைவிதான் சொன்னார். "ஏங்க, பெடல் ரொம்பக் கெட்டின்னா, நடுவுல மெத்துனு ஏதாச்சும் வைக்கலாமே?"

பேக்கரியில் மெத்தென்ற பொருளுக்கா பஞ்சம்? வலது ஷூவின் அடியில் ஒவ்வொன்றாகக் கேக் பெட்டி ரிப்பனால் கட்டிப் பார்த்தார்கள். மாமா விளிம்பு வரை பால் ஊற்றிய கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பால் சிந்தாமல் வண்டி நின்றால் அது தேறியது. பன் முதல் மிதியிலேயே அப்பளமாகிவிட்டது. மாமாவின் சட்டை நனைந்தது. ரஸ்க் நொறுங்கியது. வேட்டியும் நனைந்தது. ரொட்டித் துண்டு ஒருபக்கம் வழுக்கியது.

"இன்னைக்குப் போட்ட ஸ்பாஞ்சு ஈரமா இருக்கும், ஒட்டும்" என்றார் மாமா, பால் சொட்டச் சொட்ட. "நேத்துப் போட்டது எடு. முட்டை அதிகம், வெண்ணெய் கம்மி."

முந்தைய நாள் ஸ்பாஞ்சு, இரண்டு விரல் கனம். பஞ்சு மிதித்தார். ஸ்பாஞ்சு அமுங்கியது, பெடல் யோசித்தது, வண்டி பழைய மாதிரி மெல்ல உட்கார்ந்தது. கிண்ணத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலா, கண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை, வலது ஷூவில் தங்க நிற ரிப்பன் முடிச்சோடு பஞ்சு கிளம்பினார். பக்கத்துச் சீட்டில் மனைவி, மடியில் ஒரு டின் நிறைய வெட்டி வைத்த ஸ்பாஞ்சு. பின்னால் ஐந்து தட்டுக் கேக். மேல்தட்டின் ஓரத்தில் மனைவி மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து செய்த சர்க்கரைப் பூக்கள். ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் மனைவி குனிந்து ஸ்பாஞ்சை மாற்றிக் கட்டினார். பக்கத்தில் பைக்கில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிக்னல் விழுந்தும் கிளம்பவில்லை.

மலையில் கணக்கு தப்பியது. வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டியிருந்ததால் ஸ்பாஞ்சு மாவாய் உதிர்ந்தது. பாதி மலையிலேயே டின் காலி. கடைசித் துண்டும் உதிரத் தொடங்கியபோது முன்னால் ஒரு பஸ், வளைவில் ஆள் இறக்க மெதுவாகிக்கொண்டிருந்தது.

மனைவி திரும்பிக் கேக்கைப் பார்த்தார்.

"பாக்காத" என்றார் பஞ்சு.

"சும்மா பாத்தேன். கீழ்த்தட்டுல பின்பக்கம் ஒரு துண்டு வெட்டிட்டு, அதைச் சுவத்தைப் பாத்து வச்சா யாருக்கும் தெரியாதுன்னு தோணிச்சு, அவ்ளோதான்."

"தொட்டா எனக்கு அடுத்த பிறவியிலயும் முட்டைதான்."

பஸ் கிட்டே வந்துவிட்டது. ஷூவின் அடியில் தூளும் ரிப்பனும் சேர்ந்து வழுக்கியது. பஞ்சு இடதுகாலின் நுனியால் வலது ஷூவின் குதிகாலை நெம்பி உதறினார். மனைவி குனிந்து ஷூவையும் சாக்ஸையும் ஒன்றாய் உருவி எடுத்தார். வெறுங்கால் பெடலில் பட்டது. பேட் டிஸ்க்கைத் தொடுகிற அந்த முதல் உரசல்கூட உள்ளங்காலுக்குத் தெரிந்தது. கட்டைவிரலால் ஒரு பொட்டு அழுத்தினார். வண்டி பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி நின்றது.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார் மனைவி.

மிச்ச மலையைக் கட்டைவிரலாலேயே இறங்கினார்.

ஹோட்டல் சமையற்கட்டு வாசலில் மேனேஜர் அம்மாள் காத்திருந்தார். கதவைத் திறந்ததும் முதலில் மூக்கை உள்ளே விட்டார். ஒருமுறை இழுத்தார், இன்னொருமுறை இழுத்தார். கருகல் இல்லை. பூக்களைப் பார்த்தார், தட்டுகளை எண்ணினார். ஒரு விரல்கூட எதுவும் நகரவில்லை. முகம் மலர்ந்தது. அப்புறம் பார்வை கீழே இறங்கியது. வெறுங்கால், முழங்கால் வரை ஸ்பாஞ்சுத் தூள், விரல்களுக்கு நடுவில் தங்க ரிப்பன்.

"இது எந்தத் தட்டுலேருந்து எடுத்தது?" குரல் மாறிவிட்டது.

"கேக்லேருந்து இல்ல மேடம்" என்றார் மனைவி. "பிரேக்லேருந்து."

மேனேஜர் அம்மாள் கேக்கை மூன்று முறை சுற்றி வந்தார். குனிந்து கீழ்த்தட்டின் பின்பக்கத்தை விசேஷமாகப் பார்த்தார். எங்கும் குறையில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை என்று தீர்மானித்தவர் போலக் கையெழுத்துப் போட்டார்.

மனைவி அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தார். "அண்ணி, வாசனை இல்லைன்னுட்டாங்க. பூ ஒண்ணுகூட அசையல."

மறுமுனையில் அடுப்புக் கதவை மூடும் சத்தம் கேட்டது.

"வேன்காரனை வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் அக்கா. "காலைக் கழுவிட்டு வீட்டுக்குள்ள வரச் சொல்லு அவனை."

அடுத்த சனிக்கிழமை அதே ஹோட்டலுக்கு ஏழு தட்டுக் கேக் போகிறது. ஓட்டுவது பஞ்சுதான். பின்சக்கரங்களுக்கான பிரேக் பெட்டி வியாழக்கிழமை வருகிறது.